2025 ஒக்டோபர் வந்துவிட்டது: ப்ளூ ஜேஸ் எங்கே வெல்லலாம், எங்கே சறுக்கலாம்

ரொறன்ரோ ப்ளூ ஜேஸ் பேஸ்போல் அணி பருவத்தை முடித்த கணக்கு 94 வெற்றி, 68 தோல்வி. நியூ யோர்க் யாங்கீஸுக்கும் அதே கணக்குத்தான். ஆனால் இரண்டு அணிகளும் 2025 பருவத்தில் நேருக்கு நேர் ஆடிய 13 ஆட்டங்களில் 8 ரொறன்ரோவுக்குப் போனபடியால் அமெரிக்கன் லீக் கிழக்குப் பிரிவின் முதலிடம் எங்களுக்கு. 2015க்குப் பிறகு இதுதான் முதல் தடவை. போன வருஷம் இதே அணி 74-88 என்று பிரிவின் அடியில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டத்தில் தம்பா பே ரேஸை 13-4 என்று சாய்த்தார்கள். எங்கள் கேட்சர் (பிட்சர் எறிவதைப் பிடிப்பவர்) அலெஹாண்ட்ரோ கேர்க் பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பி இரண்டு ஹோம் ரன் அடித்தார், அதில் ஒன்று மூன்று பேஸிலும் ஆள் நிற்க அடித்த கிராண்ட் ஸ்லாம். அந்த முதலிடத்தோடு ஐந்து நாள் ஓய்வும் சேர்ந்து வந்திருக்கிறது. சனிக்கிழமை, ஒக்டோபர் 4ஆம் திகதி வரை எங்களுக்கு ஆட்டம் இல்லை.

புதிதாகப் பார்க்க வருபவர்களுக்காக அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பருவத்துக்குப் பிந்திய பிளேஓஃப்புக்கு 2022 முதல் இரண்டு லீக்குகளிலிருந்தும் ஆறு ஆறு அணிகள், மொத்தம் பன்னிரண்டு. ஒவ்வொரு லீக்கிலும் பிரிவு வெற்றியாளர்களில் முதல் இரண்டு அணிகள் முதல் சுற்றை ஆடாமலே தாண்டும். மற்ற நாலு அணிகளும் மூன்று ஆட்ட வைல்ட் கார்ட் தொடரில் மோதும். அந்த மூன்றும் உயர்ந்த இடத்தில் இருக்கும் அணியின் மைதானத்திலேயே நடக்கும். அதன்பிறகு ஐந்தில் மூன்று வெல்லும் டிவிஷன் தொடர், ஏழில் நாலு வெல்லும் லீக் இறுதித் தொடர், பிறகு உலகத் தொடர். எங்களுக்குத் தேவை 11 வெற்றி. செவ்வாய்க்கிழமை நியூ யோர்க்கில் யாங்கீஸும் பொஸ்டன் ரெட் சொக்ஸும் தொடங்குகிறார்கள். வெல்பவர் ரொறன்ரோவுக்கு வருவார்.

இந்த ஓய்வு நன்மையா தீமையா என்று ஒவ்வொரு ஒக்டோபரிலும் சண்டை நடக்கும். 2022, 2023, 2024 மூன்று ஆண்டுகளிலும் இப்படி ஓய்வு பெற்ற அணிகள் 12. அவற்றில் டிவிஷன் தொடரை வென்றவை 6, தோற்றவை 6. 2023இல் அட்லாண்டா, லொஸ் ஏஞ்சலஸ், போல்ட்டிமோர் மூன்றும் பெரிய வெற்றிக் கணக்கோடு வந்து உடனே வீழ்ந்தன. மறு வருஷம் நாலில் மூன்று அணிகள் வென்றன. பேட்டர்களின் நேரக் கணிப்பு ஐந்து நாளில் கொஞ்சம் மங்குவது உண்மை. உண்மையான பிட்சர் எறியும் 95 மைல் பந்தை, மணிக்கு ஏறத்தாழ 153 கிலோமீற்றர், பயிற்சி இயந்திரம் ஈடுசெய்யாது. அதனால்தான் அணிகள் இந்த நாட்களில் தங்களுக்குள்ளேயே பயிற்சி ஆட்டம் வைத்து, தங்கள் பிட்சர்களையே தங்கள் பேட்டர்களுக்கு எறிய விடுகின்றன. ஆனால் பந்தெறியும் பக்கத்தில் கிடைக்கும் லாபம் இந்த மங்கலை விடப் பெரிது என்று நான் உறுதியாக நம்புகிறேன். காரணம் நாட்காட்டியில் இருக்கிறது.

ஆட்டத்தைத் தொடங்கி எறியும் ஸ்டார்ட்டர் பிட்சருக்கு வழமையாக நாலு நாள் ஓய்வு வேண்டும், ஐந்தாவது நாள் எறியலாம். செவ்வாய்க்கிழமை முதல் ஆட்டத்தில் யாங்கீஸ் மக்ஸ் ஃப்ரீடை அனுப்பினால், பொஸ்டன் கரெட் குரோஷேயை அனுப்பினால், அந்த இருவரும் முழு ஓய்வோடு எறியக்கூடிய அடுத்த நாள் ஞாயிறு, ஒக்டோபர் 5. சனிக்கிழமை முதல் ஆட்டத்தில் அவர்கள் வர வேண்டுமென்றால் மூன்று நாள் ஓய்வில் வர வேண்டும், தொடரின் தொடக்கத்தில் எந்த அணியும் அதை விரும்பாது. புதன்கிழமை எறிபவர் திங்கட்கிழமைக்கு முன் தயாராக மாட்டார், திங்கள் பயண நாள். ஆகவே எங்கள் முதல் ஆட்டம் எதிரணியின் மூன்றாவது அல்லது நாலாவது ஸ்டார்ட்டருக்கு எதிராக. வைல்ட் கார்ட் தொடர் வியாழக்கிழமை மூன்றாவது ஆட்டம் வரை இழுபட்டால் இன்னும் நல்லது, மூன்றாவது ஸ்டார்ட்டரும் அவர்களின் புல்பென்னும் (ஸ்டார்ட்டருக்குப் பிறகு வரும் மாற்றுப் பிட்சர்கள்) சேர்ந்து தேய்ந்திருக்கும். சனிக்கிழமையை வெல்வதுதான் இந்தத் தொடரின் பாதி என்று நான் சொல்வது இதனால்தான். ஞாயிறு ஃப்ரீட் அல்லது குரோஷே எதிரே நிற்கும்போது 0-1 என்று இருக்கக் கூடாது.

எங்கள் பக்கத்தில் சனிக்கிழமைக்கு கெவின் கோஸ்மன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 193 இன்னிங்ஸ், ஒன்பது இன்னிங்ஸுக்கு 3.59 என்ற ஓட்டச் சராசரி. அவருடைய வாழ்வும் தாழ்வும் ஸ்பிளிட்டர் என்ற ஒரு பந்தில். ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் அகட்டி இடையில் பந்தை இறுக்கி, வேகப் பந்தான ஃபாஸ்ட்போலுக்கு வீசுவது போலவே கையை வீசுவார். பிடி அகலமாக இருப்பதால் பந்தின் சுழற்சி குறையும், வேகம் பத்து மைல் அளவுக்கு இறங்கும், பேட்டர் நிற்கும் பிளேட்டுக்கு அருகில் வந்ததும் பந்து விழும். பேட்டர் முழங்கால் உயர ஃபாஸ்ட்போல் என்று நினைத்து மட்டையை வீச, பந்து கணுக்காலுக்குப் போய்விடும்.

இது எங்கே பிழைக்கிறது என்று தெரிந்தால் கோஸ்மனை முதல் இன்னிங்ஸிலேயே வாசித்துவிடலாம். ஸ்பிளிட்டர் ஸ்ட்ரைக் வட்டாரத்துக்குள் (பிளேட்டுக்கு மேலே, பேட்டரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட வெளி) தொடங்கிக் கீழே முடிய வேண்டும். தொடங்கும்போதே கீழே இருந்தால் நல்ல பேட்டர்கள் தொடமாட்டார்கள். இரண்டு போல் (பேட்டர் தொடாமல் வட்டாரத்துக்கு வெளியே போன பந்து), ஸ்ட்ரைக் இல்லை என்ற நிலைக்கு வந்து, வேறு வழியின்றி ஃபாஸ்ட்போலை நடுவில் எறிவார், அதைத்தான் அடிப்பார்கள். அடுத்த பிழை விழாத ஸ்பிளிட்டர். விரல் நனைந்தாலோ பிடி நழுவினாலோ அது இடுப்பு உயரத்தில் மெதுவாக வந்து நிற்கும், யாங்கீஸ் போன்ற அணிக்கு அது விருந்து. எனவே முதல் மூன்று பேட்டர்களுக்கு அவர் எறியும் ஸ்பிளிட்டர்களைக் கவனியுங்கள். மட்டை காற்றில் வீசப்படுகிறதா, அல்லது பேட்டர் அசையாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறாரா? முதலாவது என்றால் ஆறு இன்னிங்ஸ் எதிர்பார்க்கலாம். இரண்டாவது என்றால் நாலாவது இன்னிங்ஸிலேயே புல்பென் தொலைபேசி அடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு யார் என்பதில்தான் உண்மையான விவாதம். ஷேன் பீபர் முழங்கைத் தசைநார் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஓகஸ்ட் 22 மயாமியில் எங்கள் சட்டையோடு முதன்முறையாக எறிந்து ஆறு இன்னிங்ஸில் 9 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது) எடுத்தார். வேகம் பெரிதில்லை, ஆனால் நினைத்த இடத்தில் போடுவார். இன்னொருவர் ட்ரே யெசாவேஜ். 22 வயது. 2024 புதுவீரர் தெரிவில் 20ஆவதாக எடுக்கப்பட்டவர். இந்த வருஷத்தை டனீடினில் கீழ் நிலை அணியில் தொடங்கி, வன்கூவர், நியூ ஹம்ப்ஷயர், பஃபலோ என்று ஏறி, செப்டெம்பர் 15 தம்பாவில் மேஜர் லீக்கில் கால் வைத்து ஐந்து இன்னிங்ஸில் 9 பேரை ஸ்ட்ரைக்அவுட்டில் வெளியேற்றினார். மொத்தமே மூன்று ஆட்டம்.

யெசாவேஜிடம் எனக்குப் பிடித்தது, அவர் பந்தை விடும் உயரம். கையை நேரே மேலே தூக்கி, தலைக்கு மிக உயரத்திலிருந்து விடுகிறார். ஃபாஸ்ட்போல் மேலேயே நிற்பது போல் தெரியும், அதே இடத்திலிருந்து வரும் ஸ்பிளிட்டர் கீழே விழும். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம்தான் பேட்டரைக் குழப்புகிறது. எதிரணி அவரைப் பார்த்ததில்லை என்பது முதல் தடவை மட்டுமே உதவும் நன்மை. ஒரு பேட்டிங் வரிசை இரண்டாவது, மூன்றாவது தடவை சுற்றி வரும்போது அது கரைந்துவிடும். ஆகவே அவருக்கு 75 முதல் 80 பந்து, ஐந்து இன்னிங்ஸ், அதற்கு மேல் ஆசைப்படாமல் எடுத்துவிட வேண்டும். அந்த நிபந்தனையோடு நான் ஞாயிற்றுக்கிழமையை அவருக்கே கொடுப்பேன். உள்ளூர்க் கூரையின் கீழ், வழமையான நேரத்தில், நல்ல ஓய்வோடு. பீபரைச் செவ்வாய்க்கிழமை வெளியூர் ஆட்டத்துக்கு வைப்பேன், சத்தம் மிகுந்த மைதானத்தில் பழகியவர் நல்லது. லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை 2020இல் வென்றவருக்கு நியூ யோர்க் கூட்டமும் பொஸ்டன் கூட்டமும் புதிதல்ல.

நாலாவது ஆட்டம் புதன்கிழமை. மக்ஸ் ஷேர்சருக்கு வயது 41, மூன்று சை யங் விருது, இரண்டு உலகத் தொடர் வெற்றி. ஆனால் இந்த வருஷம் ஓட்டச் சராசரி 5.19. கிறிஸ் பாசிட் முதுகு வலியோடு இருக்கிறார், ஹோசே பெரியோஸ் முழங்கைக் காயத்தோடு. எரிக் லோவரை வைத்துத் தொடங்கி, புல்பென்னைத் துண்டு துண்டாகப் பயன்படுத்துவதே எனக்குச் சரியாகப் படுகிறது. கொரியாவில் ஆடிவிட்டு கீழ்நிலை ஒப்பந்தத்தில் வந்த லோவர் 9-2 என்று முடித்திருக்கிறார். அவர் இல்லாவிட்டால் இந்த 94 வெற்றியே இல்லை. வெள்ளிக்கிழமை ஐந்தாவது ஆட்டம் வந்தால் கோஸ்மன் முழு ஓய்வோடு திரும்பி வருவார்.

இனி நம்பிக்கையின் நடுத்தூண். இந்த அணி பந்தைத் தொடுகிறது. மேஜர் லீக்கின் 30 அணிகளில் மிகக் குறைந்த ஸ்ட்ரைக்அவுட் எங்களுடையது, ஓர் ஆட்டத்துக்கு ஏழுக்கும் குறைவு. அணியின் பேட்டிங் சராசரி .265 (ஆயிரம் முறைக்கு 265 ஹிட்), அதுவும் எல்லா அணிகளிலும் முதலிடம். புதிய பேட்டிங் பயிற்சியாளர் டேவிட் பொப்கின்ஸ் வந்த முதல் வருஷத்திலேயே இது நடந்திருக்கிறது. யாங்கீஸ் 274 ஹோம் ரன் அடித்த அணி, அந்தக் கணக்கில் அவர்கள்தான் முதல். ஒக்டோபரில் நல்ல பிட்சர்கள் மட்டுமே எறிவதால் தொடர்ந்து மூன்று ஹிட் எடுப்பது கடினம், ஒரே அடியில் ஓட்டம் எடுக்கும் ஹோம் ரன்தான் வெல்லும் என்று பலர் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பந்தைத் தொடுவதன் பலன் சராசரியில் முழுதாகத் தெரியாது.

மூன்றாவது பேஸில் ஆள், ஒரு அவுட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரைக்அவுட் ஆனால் எதுவும் நகராது. பந்தைத் தொட்டால் எதிரணிக்கு நெருக்கடி தொடங்கும். உள் வட்டக் களத்தடுப்பாளர்கள் பின்னால் நின்றால் சாதாரண நிலப்பந்திலேயே ஓட்டம் வரும். ஓட்டத்தைத் தடுக்க முன்னால் வந்தால் அவர்களுக்கு இருபுறமும் நகர நேரம் போதாது, சாதாரணமாக அவுட் ஆகவேண்டிய பந்து இடையால் புகுந்துவிடும். ஓரளவு தூரம் போகும் உயரப் பந்து பிடிபட்டாலும் ஓட்டம்தான். இன்னொரு பலன் மெதுவாக வரும். எர்னி கிளெமென்ட், நேதன் லூக்ஸ் போன்றவர்கள் இரண்டு ஸ்ட்ரைக்குக்குப் பிறகு பந்தைத் தட்டித் தட்டி ஃபவுல் ஆக்கி, மட்டை பிடிக்கும் ஒரு முறைக்கு ஏழு, எட்டு பந்து எறிய வைப்பார்கள். எதிரணி ஸ்டார்ட்டர் ஐந்தாவது இன்னிங்ஸிலேயே 90ஐ எட்டுவார். அதன்பிறகு வருபவர்கள் அந்த அணியின் சிறந்த புல்பென் ஆட்கள் அல்லர், இடைநிலை ஆட்கள். ஐந்து ஆட்டத் தொடரில் இதே ஆட்களை மூன்றாவது தடவை பார்க்கும்போது எங்கள் பேட்டர்களுக்கு அவர்களின் பந்து மனப்பாடமாகியிருக்கும்.

இதன் மறுபக்கமும் இருக்கிறது. தொடுகிற அணிக்கு டபிள் பிளே ஆபத்து அதிகம். முதல் பேஸில் ஆள், ஒரு அவுட், கேர்க் மட்டையோடு நிற்கிறார், பலமான நிலப்பந்து, இரண்டு பேர் அவுட், இன்னிங்ஸ் முடிந்தது. கேர்க் மெதுவாக ஓடுபவர், அதை மறைக்க முடியாது. மேலாளர் ஜோன் ஷ்னைடர் செய்யக்கூடியது, பந்துக் கணக்கு மூன்று போல் இரண்டு ஸ்ட்ரைக் ஆகும்போதும் இரண்டு போல் ஒரு ஸ்ட்ரைக் ஆகும்போதும் ஆளை முன்கூட்டியே ஓட விடுவது. இரண்டாம் பேஸ்காரர் தன் இடத்தை விட்டு நகர்வார், அந்த இடைவெளிக்குள் பந்து போகலாம். பேட்டர் தொடுவார் என்ற நம்பிக்கை இருந்தால்தான் இதைச் செய்யலாம், எங்களுக்கு அது இருக்கிறது.

போ பிஷெட் இல்லாதது பெரிய ஓட்டை. செப்டெம்பர் 6 யாங்கீஸ் ஆட்டத்தில் ஹோம் பிளேட்டில் கேட்சரோடு மோதி முழங்கால் பழுதாகும் வரை .311 சராசரி, 94 ஓட்டங்களை உள்ளே கொண்டுவந்தவர். இந்தச் சுற்றுக்கு அவரை எதிர்பார்க்கக் கூடாது என்பது என் கருத்து. அரைக் காலோடு வந்து ஒரு இடத்தை அடைப்பதைவிட, உலகத் தொடர் வரை போய் அவருக்கு நேரம் வாங்கிக் கொடுப்பது நல்லது. களத்தடுப்பில் ஈடு கிடைத்திருக்கிறது. அன்ட்ரேஸ் ஹிமேனெஸ் பிஷெட்டின் இடமான ஷோர்ட்ஸ்டொப்புக்கு (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே) நகர்ந்திருக்கிறார், களத்தடுப்புக்கான தங்கக் கையுறை விருது மூன்று வாங்கியவர். நடு மைதானத்தில் டோல்ட்டன் வார்ஷோ. கோஸ்மன், பீபர் இருவரும் பந்தைத் தொட விட்டு அவுட் எடுக்கும்போது இந்த இரண்டு பேரும் ஓர் ஆட்டத்தில் ஓர் ஓட்டமாவது மிச்சம் பிடிப்பார்கள்.

ஜோர்ஜ் ஸ்பிரிங்கரைப் பற்றி எழுதாமல் விட முடியாது. போன வருஷம் .220, இந்த வருஷம் 36ஆவது வயதைத் தொடும் நேரத்தில் .309, 32 ஹோம் ரன். 2017 உலகத் தொடரின் சிறந்த வீரர் விருது இவருடையது, அந்தத் தொடரில் மட்டும் ஐந்து ஹோம் ரன். கனடா தினமான ஜூலை 1 அன்று யாங்கீஸுக்கு எதிராக இரண்டு ஹோம் ரன்னோடு ஏழு ஓட்டங்களைக் கொண்டுவந்தார், அந்த ஆட்டம் 12-5. முதல் பேட்டராக அவர் நிற்கும்போது எதிரணி பிட்சர் முதல் பந்தை அலட்சியமாக நடுவில் போட முடியாது.

பிறகு விளாடி. விளாடிமிர் குரேரோ ஜூனியர் மொன்றியாலில் பிறந்தவர், ஏப்ரலில் 14 ஆண்டுக்கு 500 மில்லியன் டொலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர். இந்த அணியின் முகம். ஆனால் 2020, 2022, 2023 மூன்று பிளேஓஃப்களிலும் சேர்த்து ஆறு ஆட்டத்தில் 22 முறைக்கு 3 ஹிட், ஹோம் ரன் இல்லை. அந்த ஆறு ஆட்டத்தையும் அணி தோற்றது. இது திறமைக் குறைவு என்று நான் ஏற்கமாட்டேன், ஆறு ஆட்டம் எதையும் நிரூபிக்காது. ஆனால் அவர் அந்த ஆட்டங்களில் எதைத் துரத்தினார் என்பதைப் பார்க்க வேண்டும். வெளிப்புற மூலையில் விலகிப்போகும் ஸ்லைடர். அதற்கு அவர் மட்டையை நீட்டினால் பந்து ஷோர்ட்ஸ்டொப்புக்கு உருளும். அதை விட்டுவிட்டால் பிட்சர் உள்ளே வந்தே ஆக வேண்டும். விளாடியின் முதல் மூன்று முறைகளில் அந்த ஸ்லைடரை எத்தனை தடவை விடுகிறார் என்று எண்ணுங்கள். நாலு போலால் கிடைக்கும் வோக் எடுத்து முதல் பேஸுக்குப் போனால் ஏமாறாதீர்கள், அதுதான் நல்ல அறிகுறி.

பயம் எங்கே என்றால், ஏழாவது இன்னிங்ஸுக்கும் ஒன்பதாவது இன்னிங்ஸுக்கும் நடுவில். கடைசி இன்னிங்ஸில் முன்னிலையைக் காக்கும் குளோசர் ஜெஃப் ஹொஃப்மன் 33 ஆட்டங்களை முடித்துக் கொடுத்தார், கூடவே 15 ஹோம் ரன்னும் கொடுத்தார். ஒரு குளோசருக்கு அது மிக அதிகம். அவருடைய ஸ்பிளிட்டரும் ஸ்லைடரும் கீழே விழும்போது யாரும் தொட முடியாது, விழாதபோது மைதானத்தை விட்டே போகும். இடதுகை பிரெண்டன் லிட்டில் வளைந்து விழும் பந்தால் ஆட்களை வெளியேற்றுவார், ஆனால் வோக் கொடுப்பார், பருவத்தில் எங்கள் அணியில் மிக அதிக ஆட்டங்களில் எறிந்த கை அது. ஜூலை இறுதியில் மினசோட்டாவிலிருந்து வந்த லூயிஸ் வார்லண்டும் போல்ட்டிமோரிலிருந்து வந்த செரந்தனி டொமிங்கேஸும் 97 மைலுக்கு மேல் எறிபவர்கள். யாங்கீஸின் ஆரோன் ஜட்ஜ் போன்ற ஆள் ஏழாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் பேஸில் இருக்கும்போது வந்தால், குளோசரை ஒன்பதாவதுக்கு என்று பூட்டி வைக்காமல், அந்த நேரத்துக்கு எங்களிடம் இருக்கும் சிறந்த கையை அனுப்ப வேண்டும். 2016 வைல்ட் கார்ட் ஆட்டத்தில் போல்ட்டிமோர் தன் குளோசர் சாக் பிரிட்டனைக் கடைசி வரை வெளியே எடுக்காமலே 11ஆவது இன்னிங்ஸில் எட்வின் என்கார்னசியோனிடம் தோற்றது. அன்று லாபம் எங்களுக்கு. அந்தப் பக்கத்தில் நாங்கள் நிற்கக் கூடாது.

ஷ்னைடரின் முன்னைய இரண்டு ஒக்டோபர்களும் இதே இடத்தில்தான் உடைந்தன. 2022இல் சியாட்டிலுக்கு எதிராக 8-1 என்று முன்னிலை. ஆறாவது இன்னிங்ஸில் பேஸ் நிறைந்திருக்க கோஸ்மனை எடுத்தார்கள், அடுத்து வந்தவர் ஒரு பந்தைத் தவறவிட்டு, பிறகு மூன்று ஓட்ட ஹோம் ரன் கொடுத்தார். எட்டாவதில் ஒரு மெல்லிய அடி நடு மைதானத்தில் விழ, ஸ்பிரிங்கரும் பிஷெட்டும் மோதிக்கொண்டார்கள். முடிவு 10-9. 2023இல் மினசோட்டாவில் பெரியோஸ் 47 பந்தில் ஐந்து ஸ்ட்ரைக்அவுட் எடுத்து அருமையாக எறிந்துகொண்டிருக்க, நாலாவது இன்னிங்ஸில் ஒரு வோக்குக்குப் பிறகு எடுக்கப்பட்டார். 2-0 தோல்வி. காகிதத்தில் இருந்த திட்டம் நியாயமானதுதான். வலது கைக்காக அடுக்கிய வரிசைக்கு எதிராக இடது கையைக் கொண்டுவருவது. பிழை எங்கே என்றால், ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தை விட்டுவிட்டு முதல்நாள் எழுதிய தாளைப் பின்பற்றியது. இம்முறை கோஸ்மன் 70 பந்தில் ஆறாவது இன்னிங்ஸுக்குள் போனால் அவரை விடுங்கள் என்பதே என் வேண்டுதல்.

புல்பென் எப்படித் தேய்கிறது என்பதை வீட்டிலிருந்தே கணக்கு வைக்கலாம். ஒரு தாளில் இடப்பக்கம் எட்டுப் புல்பென் பெயர்கள், மேலே திகதிகள். ஒவ்வோர் இரவும் யார் எத்தனை பந்து எறிந்தார் என்று கட்டத்தில் எழுதுங்கள். 15க்குக் கீழ் என்றால் மறுநாள் தயங்காமல் வரலாம். 25ஐத் தாண்டினால் மறுநாள் வேகம் ஒன்று இரண்டு மைல் இறங்கியிருக்கும், வராமல் இருப்பதே நல்லது. அடுத்தடுத்து இரண்டு நாள் எறிந்தவரை மூன்றாவது நாள் அழைத்தால் ஸ்பிளிட்டரும் ஸ்லைடரும் மேலே தங்கத் தொடங்கும், ஹோம் ரன் வருவது அங்கேதான். எதிரணிக்கும் இதே தாள் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நியூ யோர்க்கில் செவ்வாய் முதல் வியாழன் வரை நடப்பதை இந்தத் தாளோடு பார்த்தால், சனிக்கிழமை எட்டாவது இன்னிங்ஸில் அவர்களிடம் யார் மிச்சம் என்று ஒளிபரப்பு சொல்லும் முன்னரே உங்களுக்குத் தெரியும். குறிப்பாக பொஸ்டன் என்றால் குளோசர் அரோல்டிஸ் சப்மன் எத்தனை பந்து எறிந்தார் என்பது முக்கியம், இந்த வருஷம் அவரை அடித்தவர்கள் மிகச் சிலர்.

கேர்க்கின் கையுறைக்கும் ஒரு வார்த்தை. ஸ்ட்ரைக் வட்டாரத்தின் கீழ் ஓரத்தில் வரும் பந்தை அவர் கீழிருந்து மேலே மெதுவாக ஏந்திப் பிடிப்பார், நடுவர் ஸ்ட்ரைக் என்பார். ஓர் ஆட்டத்தில் இப்படி இரண்டு மூன்று கிடைத்தால், ஒரு போல் ஒரு ஸ்ட்ரைக் என்ற கணக்கு இரண்டு ஸ்ட்ரைக்காக மாறி, பேட்டர் கோஸ்மனின் ஸ்பிளிட்டரைத் துரத்த வேண்டிய நிலைக்கு வருவார். 2026 முதல் நடுவரின் முடிவை இயந்திரத்தின் துணையோடு எதிர்த்துக் கேட்கும் முறை மேஜர் லீக்குக்கு வருகிறது. அதனால் இந்தக் கலை முழு மதிப்போடு இருக்கும் கடைசி ஒக்டோபர் இது. எங்களிடம் கேர்க் இருக்கும்போது அதை அனுபவிக்க வேண்டும்.

யார் வர வேண்டும் என்று கேட்டால், யாங்கீஸ் என்பேன். ரொறன்ரோ மைதானத்தில் இந்த வருஷம் அவர்களோடு ஆடிய ஏழில் ஆறை வென்றோம். ஜூன் 30 முதல் ஜூலை 3 வரை நடந்த நாலு ஆட்டத்தையும் வென்று கூட்டிப் பெருக்கினோம். அவர்களுடைய மைதானத்தில் கதை வேறு, ஆறில் இரண்டுதான். வலப்புற வேலி 314 அடியில் இருக்கிறது. பெலிஞ்சர், கிரிஷம், சிஷம், பென் ரைஸ் என்று இடதுகை ஆட்கள் வரிசையாக நிற்கும்போது எங்கள் மைதானத்தில் பிடிபடும் உயரப் பந்து அங்கே பார்வையாளர் மடியில் விழும். அதனால்தான் எங்களுக்கு வீட்டில் முதல் இரண்டும் வேண்டும். இந்தப் பருவத்தில் வீட்டில் 54-27. பொஸ்டன் வந்தால் ஆட்டங்கள் இறுக்கமாக இருக்கும். ரோமன் அன்தனி காயத்தில் இருப்பதால் அவர்களின் அடி பலவீனம், ஆனால் குரோஷே ஐந்து ஆட்டத் தொடரில் இரண்டு தடவை வரக்கூடியவர், இந்த வருஷம் 255 ஸ்ட்ரைக்அவுட் எடுத்த கை அது. பந்தைத் தொடும் அணிக்குக்கூட அவர் கடினம்.

26 பேர் பட்டியல் சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன் கொடுக்கப்பட வேண்டும். தொடரின் நடுவில் காயம் என்று ஒருவரை மாற்றினால், மாற்றப்பட்டவர் அடுத்த தொடரிலும் ஆட முடியாது. அந்த விதியால்தான் பிஷெட், பாசிட், இருவரையும் அவசரப்பட்டுச் சேர்க்கக் கூடாது என்கிறேன். இருபக்கமும் அடிக்கும் அன்தனி சன்டண்டேர் தோள் காயத்திலிருந்து இப்போதுதான் திரும்பியிருக்கிறார். அவருக்கு ஓர் இடம் கொடுக்கலாம், தொடக்க வரிசையில் அல்ல, ஏழாவது இன்னிங்ஸில் மாற்றுப் பேட்டராக. டேவிஸ் ஷ்னைடர் இடதுகை பிட்சருக்கு எதிராகத் தொடங்க வேண்டும், ஃப்ரீட், குரோஷே இருவரும் இடதுகை. மைல்ஸ் ஸ்ட்ரோவை நான் கட்டாயம் வைத்திருப்பேன். எட்டாவது இன்னிங்ஸில் கேர்க் வோக் எடுத்து முதல் பேஸில் நிற்கும்போது ஓடுவதற்கு ஓர் ஆள் வேண்டும். பிளேஓஃப்பில் மேலதிக இன்னிங்ஸுக்கு இரண்டாவது பேஸில் இனாமாக ஆள் வைக்கமாட்டார்கள், ஓர் ஓட்டத்தை முழுதாகச் சம்பாதிக்க வேண்டும். கேர்க்கை எடுத்துவிட்டால் மாற்றுக் கேட்சர் டைலர் ஹைனமன் மிச்ச இன்னிங்ஸைப் பிடிப்பார், அதில் எனக்குத் தயக்கம் இல்லை, அவர் கையுறையும் நல்ல கையுறை.